வீட்டுப் பட்டறை ஏர் லைனில் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் ஷெட்டிலோ மொட்டைமாடி அறையிலோ 1 முதல் 3 ஹெச்பி வரை பிஸ்டன் கம்ப்ரஸர் வைத்து ஸ்ப்ரே பெயின்டிங், சாண்ட் பிளாஸ்டிங், ஏர்பிரஷ், இம்பாக்ட் ரெஞ்ச் என்று வேலை பார்ப்பவர்களுக்கான பக்கம் இது. பிரஷரைக் கடைப்பேச்சில் சொல்வதுபோல் கிலோ என்றே எழுதியிருக்கிறேன். 7 கிலோ என்றால் ஏறத்தாழ 100 பிஎஸ்ஐ.

டேங்கின் டிரெயினைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. கம்ப்ரஸர் பழுதா?

பழுதில்லை. கம்ப்ரஸர் உறிஞ்சிய வெளிக்காற்றில் ஏற்கெனவே இருந்த ஈரம்தான் அது. ஒரு கன மீட்டர் இடத்தில் எவ்வளவு நீராவி நிற்கும் என்பதை வெப்பநிலைதான் முடிவுசெய்கிறது. பிரஷருக்கு அதில் பங்கில்லை. 30 டிகிரியில் சுமார் 30 கிராம் நிற்கும். சாதாரணக் காற்றானாலும் 7 கிலோவுக்கு அழுத்திய காற்றானாலும் அதே 30தான். ஆனால் 7 கிலோ என்று கேஜ் காட்டும்போது, 8 கன மீட்டர் வெளிக்காற்றை ஒரு கன மீட்டருக்குள் திணித்து வைத்திருக்கிறோம். எட்டு மடங்கு ஈரத்துக்கு அங்கே இடமில்லை, மிச்சம் தண்ணீராக இறங்குகிறது. கணக்குப்படி, வெளிக்காற்றின் ஈரப்பதம் 12.5 சதவீதத்தைத் தாண்டினாலே 7 கிலோவுக்கு அழுத்திப் பழைய வெப்பநிலைக்கு ஆறவிட்டதும் தண்ணீர் வரும். தமிழ்நாட்டில் அவ்வளவு வறண்ட நாள் அபூர்வம்.

ஒரு மணி நேர வேலைக்கு எவ்வளவு தண்ணீர் வரும்?

நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்று தரும் 2 ஹெச்பி கம்ப்ரஸர், 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 12 கன மீட்டர் காற்று உள்ளே போகும். அதிலுள்ள ஈரம் சுமார் 290 கிராம். அழுத்திய பின் 30 டிகிரிக்கு ஆறிய காற்று 45 கிராமைத்தான் ஆவியாகத் தாங்கும். மீதி கால் லிட்டர் தண்ணீர் எங்காவது இறங்கியே ஆகவேண்டும். அது டேங்கில் இறங்குகிறதா, பைப்பில் இறங்குகிறதா, ஸ்ப்ரே கன் வழியாகக் கார் கதவின் மேல் இறங்குகிறதா என்பது நம் கையில் இருக்கிறது.

மழைக்காலத்தில் மட்டும்தானே இந்தத் தொல்லை?

நவம்பரில் 26 டிகிரி, 95 சதவீதம். மே மாதத்தில் 38 டிகிரி, 50 சதவீதம். சென்னையில் இரண்டையும் பார்த்திருப்பீர்கள். முதலாவதில் கன மீட்டருக்கு 23 கிராம் ஈரம், இரண்டாவதிலும் அதே 23 கிராம்தான். வெயில் காலக் காற்று நமக்குக் காய்ந்ததாகத் தோன்றும், கம்ப்ரஸருக்கு அப்படியில்லை. சொல்லப்போனால் மே மாதம்தான் மோசம். பம்பும் டேங்கும் சூடேறிக் கிடப்பதால் ஆவி தண்ணீராக மாறாமல் அப்படியே ஹோஸுக்குள் போய்விடும்.

கோவை, ஓசூர் போன்ற உள்மாவட்டங்களில் கடற்கரை அளவுக்கு இருக்காது. அதற்காக அங்கே லைனை அலட்சியமாகப் போடலாம் என்று அர்த்தமில்லை.

டேங்க் வாயிலேயே வாட்டர் செபரேட்டர் மாட்டியிருக்கிறேன். அப்படியும் கன்னில் தண்ணீர் வருகிறதே?

மாட்டிய இடம்தான் காரணம். பத்தில் ஒன்பது வீட்டுப் பட்டறைகளில் இதே அமைப்பைத்தான் பார்க்கிறேன்; கடைக்காரரும் அங்கேயே மாட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

சிங்கிள் ஸ்டேஜ் பிஸ்டன் பம்பிலிருந்து வரும் காற்று 100 டிகிரியை எளிதாகத் தாண்டும். டேங்கில் கொஞ்சம் ஆறினாலும், விடாமல் வேலை செய்யும்போது டேங்கே கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்துவிடும். டேங்க் காற்று 50 டிகிரியில் இருப்பதாகக் கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் ஒரு கன மீட்டர் 83 கிராம் ஆவியைத் தாங்கும். மேலே சொன்ன கணக்கில், 290 கிராமில் ஏறக்குறைய 125 கிராம் ஆவியாகவே செபரேட்டரைக் கடந்துவிடும். செபரேட்டர் சொட்டைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. அது காற்றைச் சுழற்றிவிட்டு, கனமான சொட்டுகளைச் சுவரில் மோதவைத்துக் கீழே விழவைக்கும் சாதனம், அவ்வளவுதான். கடந்துபோன ஆவி ஹோஸில் 30 டிகிரிக்கு ஆறும்போது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வியர்ப்பது போல ஹோஸின் உள்சுவர் முழுக்க வியர்க்கும். 80 கிராம் தண்ணீர், செபரேட்டருக்கு அந்தப் பக்கம்!

அதனால் வரிசை இதுதான்: முதலில் காற்றை ஆறவிட வேண்டும், ஆறியபின் சொட்டைப் பிரிக்க வேண்டும், இன்னும் வறட்சி தேவையென்றால் கடைசியில் ஈரத்தை உறிஞ்சும் மணிகளான சிலிக்கா ஜெல். இந்த வரிசை மாறினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபில்டரும் உதவாது.

காற்றை எப்படி ஆறவைப்பது?

செலவு குறைந்த வழி, சுவரில் உலோக பைப். டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே குறைந்தது 25 அடி. அரை இன்ச் போதும், முக்கால் இன்ச் என்றால் இன்னும் நல்லது. பைப் பெரிதானால் காற்று நிதானமாகப் போகும், ஆறுவதற்குப் பரப்பும் கூடுதல். வெயில் படும் சுவரில் போட்டுவிடாதீர்கள். மேற்குச் சுவரில் மாலை மூன்று மணிக்குப் பைப்பைத் தொட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

டேங்கிலிருந்து நேராக இரும்பு பைப்புக்குப் போகாமல் நடுவில் ஒரு முழ நீளத்துக்குப் பிரஷர் ஹோஸ் கொடுங்கள். கம்ப்ரஸர் அதிர்வில் த்ரெட் இளகாமல் இருக்கும். அங்கிருந்து பைப்பைச் சுவரில் மேலும் கீழுமாக மூன்று நான்கு மடிப்பு ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் எல்போ போடாமல் மூன்று வாய் உள்ள டீ (T) இணைப்பு போட்டு, அதன் கீழ்வாயில் அரை அடித் துண்டு பைப், அதன் முனையில் ஒரு பால் வால்வ். காற்று திரும்பி மேலே போய்விடும், தண்ணீர் அந்தத் துண்டில் தங்கிவிடும். முதல் மடிப்பின் வால்வைத் திறந்தால் நிறைய வரும், கடைசி மடிப்பில் சில சொட்டுத்தான் வரவேண்டும். கடைசி மடிப்பிலும் சளசளவென்று வந்தால் பைப் நீளம் போதவில்லை என்று அர்த்தம்.

படுக்கையாகப் போகும் லைனைக் கம்ப்ரஸரிலிருந்து விலகும் திசையில் பத்து அடிக்கு ஓர் இன்ச் சரிவாக இறக்குங்கள். அதிலிருந்து கிளை எடுக்கும்போது டீயின் வாயை மேல்நோக்கி வைத்து, பைப்பை வளைத்துக் கீழே இறக்க வேண்டும். கீழ்நோக்கி எடுத்தால் லைனின் அடியில் ஓடும் தண்ணீர் முழுக்க அந்தக் கிளையில்தான் விழும். வீட்டுக்குத் தண்ணீர் லைன் போட்டே பழகிய பிளம்பருக்கு இது விசித்திரமாகத் தெரியும். பக்கத்தில் நின்று போடவையுங்கள்.

ஜிஐயா (துத்தநாகம் பூசிய இரும்பு), காப்பரா? வீட்டில் மிச்சமிருக்கும் பிவிசி பைப்பைப் போடலாமா?

பிவிசி வேண்டாம், சிபிவிசியும் வேண்டாம். பைப்பின் மேல் அச்சிட்டிருக்கும் பிரஷர் அளவு தண்ணீருக்கானது. தண்ணீர் பைப் விரிசல் விட்டால் கசியும். அழுத்தக் காற்று இருக்கும் பிவிசி வெடித்தால் கூரான சில்லுகளாகச் சிதறும். கம்ப்ரஸர் சூடும் ஆயிலும் அதை நாளாக நாளாக நொறுங்க வைக்கும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1988லேயே இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்திருக்கிறது. "பக்கத்துப் பட்டறையில் பத்து வருடமாக ஓடுகிறதே" என்பார்கள். உடையும் நாள்வரை எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். போதாததற்கு, பிளாஸ்டிக் சூட்டை வெளியே விடாது. நமக்கு வேண்டிய வேலையையே அது செய்வதில்லை.

காப்பர் சிறந்தது. விலையும் பிரேஸிங் கூலியும் தாங்கும் என்றால் யோசிக்க வேண்டாம். ஜிஐ மலிவு, எந்த பிளம்பரும் த்ரெட் போட்டுத் தருவார். வருடங்கள் கழித்து உள்ளே துருத்தூள் உதிரும், அதை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். ஜாயின்ட்டுக்குச் சணல் சுற்றவிடாதீர்கள், நார்த் துணுக்கு ஃபில்டரில் வந்து நிற்கும். டெஃப்ளான் டேப்பையும் முதல் த்ரெட்டை விட்டுவிட்டுச் சுற்றச் சொல்லுங்கள்.

பம்புக்கும் டேங்குக்கும் நடுவில் கூலர் வைக்கலாம் என்கிறார்களே?

வைக்கலாம், மிக நல்ல பலன் உண்டு. தண்ணீர் டேங்குக்கே குறைவாகத்தான் போகும், டேங்கும் துருப்பிடிக்காமல் நீடிக்கும். பம்ப் ஹெட்டிலிருந்து டேங்கின் நான்-ரிட்டர்ன் வால்வுக்கு (காற்றைத் திரும்பவிடாத வால்வ்) போகும் பைப்பைக் கழற்றி, அந்த இடத்தில் துடுப்பு வைத்த காப்பர் காயிலைக் கொடுத்து, ஃப்ளைவீல் காற்று படுகிற மாதிரி நிறுத்துகிறார்கள். கார் ஏசி கண்டென்சரைப் பயன்படுத்துபவர்களும் உண்டு. காற்று மேலே நுழைந்து கீழே வெளியேற வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் காயிலின் அடியில் குளமாகத் தேங்கும்.

ஆனால் இது முதல் வேலையாகச் செய்ய வேண்டியதில்லை. பம்ப் ஹெட் பக்கம் சூடும் அதிர்வும் அதிகம், ஜாயின்ட் விட்டுப்போனால் உடனே தெரியும்படி விட்டுப்போகும். முக்கியமாக, பம்புக்கும் டேங்குக்கும் நடுவில் எக்காரணம் கொண்டும் மூடக்கூடிய வால்வ் போடாதீர்கள். அதை மூடிவிட்டு மோட்டாரைப் போட்டால் பிரஷர் போக வழியே இருக்காது. சுவர் பைப்பில் தண்ணீர் கட்டுக்குள் வந்துவிட்டால் இந்த வேலையைத் தள்ளிப்போடலாம்.

ஃபில்டர் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

5 மைக்ரான் ஃபில்டர் தண்ணீர்ச் சொட்டுக்கும் துருவுக்கும் போதும். பெயின்டிங் செய்பவர் அதற்குப் பின்னால் ஒரு கோலெசிங் ஃபில்டர் மாட்டவேண்டும்; 0.01 மைக்ரான் என்று போட்டிருக்கும். மிக நுண்ணிய சாரலையும் ஆயில் புகையையும் ஒன்றுசேர்த்துச் சொட்டாக்கி இறக்குவது அதன் வேலை. 5 மைக்ரான் முன்னால் இல்லாமல் கோலெசிங்கை மட்டும் போட்டால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

ஃபில்டரின் உடம்பில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசை. தண்ணீர் தேங்கும் அடிக்கிண்ணமான பௌல் செங்குத்தாகத் தொங்க வேண்டும். பௌலைத் தின்னரில் கழுவாதீர்கள்: கண்ணாடிபோல் தெரிவது பாலிகார்பனேட். தின்னர் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விட்டு, பிறகு ஒருநாள் பிரஷரில் வெடிக்கும். சோப்புத் தண்ணீர் போதும். தின்னர் புகை எப்போதும் சூழ்ந்திருக்கும் இடமென்றால் உலோக பௌல் உள்ளதாக வாங்குங்கள்.

ஃபில்டர் தாங்கும் காற்றின் அளவையும் பாருங்கள். கால் இன்ச் பொம்மை ஃபில்டர் வழியாக ஹெச்விஎல்பி கன் (குறைந்த பிரஷரில் நிறையக் காற்று கேட்கும் ஸ்ப்ரே கன்) ஓட்டினால் பிரஷரும் விழும், வேகமாகப் போகும் காற்று பௌலில் தங்கிய தண்ணீரையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும்.

பிரஷரைக் குறைக்கும் ரெகுலேட்டர் ஃபில்டருக்கு முன்பா, பின்பா?

பின்பு. அழுத்தம் கூடுதலாக இருக்கும்போதே தண்ணீரைப் பிரித்துவிட வேண்டும். ஆறிய, நீராவி நிறைந்த காற்றை 7 கிலோவிலிருந்து 2 கிலோவுக்கு இறக்கி, அது பழைய வெப்பநிலைக்கு வந்துவிட்டால் அதன் ஈரப்பதம் 100 சதவீதத்திலிருந்து 40க்கும் கீழே போய்விடும். அதாவது ரெகுலேட்டரே ஓரளவுக்கு இலவச டிரையர். ஃபில்டரைக் குறைந்த பிரஷர் பக்கம் மாட்டினால் அந்த லாபம் போய்விடும். ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர் மூன்றும் ஒட்டுக்கூட்டாக வரும் எஃப்ஆர்எல் செட்டில் வரிசை சரியாகவே இருக்கும். அதிலுள்ள லூப்ரிகேட்டரை மட்டும் பெயின்ட் லைனில் மாட்டக்கூடாது, அது ஆயில் விடும் சாதனம். இம்பாக்ட் ரெஞ்சுக்கும் பெயின்ட் கன்னுக்கும் ஒரே ஹோஸைப் பயன்படுத்துவதும் இதே காரணத்தால் ஆகாது.

சிலிக்கா ஜெல் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

கடைசியில் போட்டால் நன்றாக வேலை செய்யும், முதலில் போட்டால் பணம் வீண். ஜெல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துக்கொள்ளும் என்று நடைமுறைக்குக் கணக்கு வையுங்கள். 30 டிகிரிக்கு ஆறி, சொட்டும் பிரிந்த காற்றில் மணிக்கு 45 கிராம் ஆவி இன்னும் இருக்கிறது என்று பார்த்தோம். ஒரு கிலோ ஜெல் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். கன்னின் அடியில் மாட்டும் சின்ன உருண்டையில் 50 கிராம் இருந்தால் கால் மணி நேரம்கூட வராது. ஒரு பேனலுக்கு கிளியர் (மேலே அடிக்கும் நிறமற்ற கோட்) அடிக்க அது போதும், முழுக் காருக்குப் போதாது.

ஜெல் மீது தண்ணீர்ச் சொட்டு நேராக விழுந்தால் மணிகள் படபடவென்று வெடித்துத் தூளாகும். ஆயில் பட்டால் மேற்பரப்பு அடைத்துக்கொள்ளும், பிறகு வறுத்தாலும் மீளாது. ஆகவே கோலெசிங் ஃபில்டருக்குப் பிறகுதான் ஜெல். ஜெல்லுக்குப் பிறகு தூள் பிடிக்க இன்னொரு சின்ன ஃபில்டர்.

நிறம் மாறிய ஜெல்லை 110, 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் திரும்பப் பழைய நிறத்துக்கு வரும். நீல ஜெல்லில் இருப்பது கோபால்ட் குளோரைடு, நச்சு. அதைச் சமையல் ஓவனில் வைக்கவே கூடாது. ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள், அதற்கும் தனியாகப் பழைய ஓடிஜி (சின்ன மின் ஓவன்) ஒன்று இருந்தால் வீட்டில் சண்டை வராது.

ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் வாங்கலாமா?

தினமும் பெயின்ட் அடிப்பவர், உலோகம் வெட்டும் பிளாஸ்மா கட்டர் வைத்திருப்பவர் யோசிக்கலாம். காற்றை 3 டிகிரி வரை குளிரவைத்துத் தண்ணீரைப் பிரித்துவிடும். அதற்குப்பின் கன மீட்டருக்கு 6 கிராம்தான் மிஞ்சும். ஆனால் அதற்குள் நுழையும் காற்றின் வெப்பநிலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. சூடான காற்றை நேராக அனுப்பினால் அது திணறும். ஆக, இதற்கு முன்னாலும் சுவர் பைப் வேண்டும். மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் வேலை பார்ப்பவருக்குத் தேவையில்லை.

கம்ப்ரஸர் போர்டிகோவில், ஏர்பிரஷ் ஏசி அறையில். அறைக்குள் வந்ததும் துப்புகிறது. ஏன்?

ஏசிதான் காரணம். வெளியே 35 டிகிரியில் டேங்க் காற்று கன மீட்டருக்கு 39 கிராம் ஆவியோடு நிற்கிறது. ஹோஸ் ஜன்னல் வழியே 24 டிகிரி அறைக்குள் வந்ததும் அதனால் 22 கிராமைத்தான் தாங்க முடியும். மிச்சம் 17 கிராம், அறைக்குள் சுருண்டு கிடக்கும் ஹோஸில் இறங்குகிறது. போர்டிகோவில் எத்தனை ஃபில்டர் மாட்டினாலும் இது நிற்காது. ஃபில்டரை அறைக்குள் கொண்டுவாருங்கள். அதற்கு முன்னால் பத்துப் பதினைந்து அடி காப்பர் குழாயும் அறைக்குள்ளேயே இருக்கட்டும். அப்போது அந்த ஏசியே உங்கள் டிரையராகிவிடும்.

சத்தம் குறைந்த சின்ன ஏர்பிரஷ் கம்ப்ரஸராக இருந்தால் அதையே ஏசி அறைக்குள் வையுங்கள். 24 டிகிரி, 50 சதவீத அறைக்காற்றில் 11 கிராம் ஈரம்தான். வெளிக்காற்றில் பாதிகூட இல்லை.

பாலிஷ் வெள்ளை பூக்கிறது. லைன் தண்ணீர்தானே?

பெரும்பாலும் இல்லை. என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர், சீலர் அடித்ததும் மொத்தப் பரப்பும் பால்போல் வெளுத்தால், தின்னர் வேகமாக ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்து அறைக்காற்றின் ஈரத்தை இழுத்துவிட்டது. மழை நாளில் லைனை எவ்வளவு வறட்டினாலும் இது வரும். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் கலக்க வேண்டும், அல்லது வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

லைன் தண்ணீர் வேறு மாதிரி தெரியும்: அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொப்புளம், சொட்டு விழுந்த தடம், சில நேரம் கன் ஒரு நொடி துப்பிவிட்டுத் தொடர்வது. ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பியூ (பாலியூரிதேன்) பெயின்டில் ஹார்டனர் தண்ணீரோடு வினைபுரிந்து வாயு விடுவதால் ஊசித்துளைகள் விழும். விளிம்பு தூக்கிய வட்டப் பள்ளங்கள் என்றால் ஆயிலையோ டேஷ்போர்டு பாலிஷில் உள்ள சிலிகானையோ சந்தேகப்படுங்கள்.

ஆயில்-ஃப்ரீ கம்ப்ரஸரில் தண்ணீர் வராதல்லவா?

வரும். ஆயில்தான் வராது.

ஆயில் கண்ணாடியில் ஆயில் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் கலந்துவிட்டதா?

ஆம். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, மறுநாள் மீண்டும் ஐந்து நிமிடம் என்று பயன்படுத்தினால் பம்ப் முழுச்சூட்டுக்கு வருவதே இல்லை. கிராங்க்கேஸில் இறங்கும் ஈரம் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலோடு கலக்கிறது. ஆயிலை மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறையாவது டிரெயினைக் கொஞ்சம் திறந்துவைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

டேங்கை எப்போது, எப்படி டிரெயின் செய்வது?

வேலை முடிந்த ஒவ்வொரு நாளும். எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. காரணம், டிரெயின் காக் டேங்கின் அடிவயிற்றில் இருக்கிறது. தரையில் படுத்துக் கையை நுழைத்துத் திருக வேண்டும், திருகினால் முகத்தில் அடிக்கும். அதைக் கழற்றிவிட்டு ஓர் எல்போ, ஓரடி பைப், முனையில் பால் வால்வ் என்று பக்கவாட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நின்றபடியே காலால் தள்ளுகிற வசதி இருந்தால் தினமும் செய்வீர்கள்.

டேங்க் ஆறியபின், ஒன்று அல்லது இரண்டு கிலோ பிரஷர் மிஞ்சியிருக்கும்போது திறவுங்கள். முதலில் டீ நிறத்தில் வரும், பிறகு பால்போல், கடைசியில் வெறும் சாரல். அதில் ஆயில் கலந்திருப்பதால் செடிக்கோ சாக்கடைக்கோ விடாமல் ஒரு கேனில் பிடியுங்கள். பிரஷர் முழுக்கப் போனபின் இரவு முழுதும் வால்வைத் திறந்தே வையுங்கள்.

வெளியேறும் தண்ணீரில் துருச்செதில் வர ஆரம்பித்தால், அல்லது டேங்கின் அடியில் எங்காவது ஈரம் கசிந்தால், அந்த டேங்கின் ஆயுள் முடிந்தது. வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். துரு உள்ளே எவ்வளவு தகட்டைத் தின்றிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

எனக்கு டயருக்குக் காற்றும் தூசி ஊதுவதும்தான் வேலை. இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். டேங்கை டிரெயின் செய்தால் போதும்.

லைன் வறண்டுவிட்டதா என்று எப்படிச் சோதிப்பது?

காலையில் முதல் டேங்க் காற்றை வைத்துச் சோதித்தால் எந்த லைனும் வறண்டதாகத்தான் காட்டும். வழக்கமான வேலையில் கால் மணி, இருபது நிமிடம் ஓடவிட்டு, டேங்க் சூடேறிய பிறகு பாருங்கள். தின்னர் போட்டுத் துடைத்த ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடித்து, ஒரு சாண் தூரத்தில் ஏர் கன்னை வைத்து ஒரு நிமிடம் ஊதுங்கள். ஈரப்புள்ளி தெரிந்து உடனே மறைந்தால் ஏர்பிரஷுக்கும் பிளாஸ்டிங்குக்கும் சமாளிக்கலாம், கிளியர் கோட்டுக்கு ஜெல் வேண்டும். புள்ளி நின்றால் லைனில் இன்னும் சொட்டு இருக்கிறது. மறையாத வழுவழுப்பான வட்டமாக இருந்தால் ஆயில். அதே இடத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்து ஊதினால் கறை தங்கும்.

புள்ளி தெரிந்தால் உடனே புது ஃபில்டர் வாங்க ஓடாதீர்கள். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபில்டருக்கு முந்தைய பைப்பை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் பத்தடி பைப் போதும். அறைச்சூட்டிலேயே இருந்தால் மட்டும் ஃபில்டரைக் கழற்றுங்கள்.